பாலத்தை வெட்டின பாவி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 3,800 ரூபாய் கொடுத்து வாங்கிய பாலத்தை ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்தேன். அறுத்ததோடு சும்மா இருந்திருக்கலாம். அதைப் போட்டோ எடுத்து, ரயில் மாடல் கிறுக்கு பிடித்த நாலு பேருக்கு அனுப்பினேன். வந்தது வினை.

"உனக்கென்ன பைத்தியமா தம்பி?" என்றார் ஒரு அண்ணன். "வேண்டாம்னா எனக்கு வித்திருக்கலாமே" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கொஞ்சம் தத்துவமாகக் கேட்டார்: "கம்பெனிக்காரன் யோசிச்சு செஞ்ச டிசைன். அதைத் திருத்த நீ யாரு?" என் வகுப்புத் தோழர்கள் வேறு ரகம். "பி.காம் கடைசி வருசம், இன்னும் பொம்மை ரயிலா மக்கா?"

இந்த இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். அரியர் இருப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம் :)

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். உலகத்தில் நிறையப் பேர் வைத்து விளையாடுகிற மாடல் ரயில் அளவுக்கு எச்.ஓ என்று பெயர். அசலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் எச்.ஓ. அசலில் ஒரு மீட்டர் என்றால் மேசையில் பதினொன்றரை மில்லிமீட்டர். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் 16.5 மில்லிமீட்டர். என்னிடம் இருப்பது எட்டடிக்கு மூன்றடி பிளைவுட் பலகை, ஒரு டீசல் இன்ஜின், நாலு பெட்டி, பழைய கட்டில் கிடந்த மாடி அறையில் பாதி. பலகைக்கு அம்மா பாதிப் பணம் தந்தாள். மிச்சமெல்லாம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுத்த காசு. அதனால் 3,800 ரூபாயின் அருமை தெரியாதவன் என்று யாரும் சொல்ல வேண்டாம். இரண்டு மாதம் டெபிட் எது கிரெடிட் எது என்று கத்தியதில் வந்த தொண்டைக்கட்டு அது.

வாங்கியது ஒரு ஐரோப்பியக் கம்பெனியின் பிளாஸ்டிக் கிட். இரண்டு பக்கமும் வில் மாதிரி வளைந்து நிற்கும் டிரஸ் பாலம். நீளம் 36 சென்டிமீட்டர். பெட்டியின் மேல் படத்தில் பனிமலை, பைன் மரம், கீழே பளிங்கு மாதிரி ஆறு. பார்த்ததும் மயங்கிவிட்டேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒட்டினேன். பலகையில் ஏற்கெனவே நீலப் பெயிண்ட் அடித்து ஒரு சானல் வரைந்து வைத்திருந்தேன். (நம்மூரில் கால்வாய் என்றா சொல்கிறோம்? சானல்தான்.) அதன்மேல் பாலத்தைத் தூக்கி வைத்துவிட்டு, பெருமையாக ரயிலை ஓட விட்டேன்.

என் பாட்டா ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். 1979-ல் திறந்த திருவனந்தபுரம் – நாகர்கோவில் லைனுக்கு மண் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். இப்போது மூட்டுவலி, மாடி ஏறுவது அபூர்வம். அன்றைக்கு ஏறி வந்தார். பாலத்தைப் பார்த்தார். பிறகு கஷ்டப்பட்டுக் குனிந்து பாலத்துக்கு அடியில் பார்த்தார். இதை நான் கவனித்தேன். என் நண்பர்கள் யாரும் அடியில் பார்க்கவில்லை.

"லேய் மக்கா, இது சானலா ஆறாடே?"

"சானல்தான் பாட்டா."

"எத்தன அடி வரும்?"

ஸ்கேல் வைத்தேன். ஆறு சென்டிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் ஐந்து மீட்டர் சொச்சம். பதினேழு அடி.

"பதினேழடிச் சானலுக்கு இம்புட்டு இரும்பா? எந்த எஞ்சினியருடே இத பாஸ் பண்ணுனான்? ஆடிட்ல மாட்டுவான் கேட்டியா."

ஆடிட் என்ற வார்த்தை பி.காம் மாணவனை எங்கே அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பாலம் அசலில் 31 மீட்டர். தண்ணீர் 5 மீட்டர். மீதி 26 மீட்டர், காய்ந்த தரைக்கு மேலே பாலம். தரையில் நடந்து போகிறவனுக்குக் குடை பிடிக்கவா?

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம். அதைத்தான் இங்கே சண்டைக்கு வைக்கிறேன். பள்ளமும் தண்ணீரும் கேட்கிற கேள்விக்குப் பாலம் பதில். கேள்வியைப் படிக்காமல் பதிலைக் கடையில் வாங்கி வைத்தால், நோட்ஸ் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் வேறு கேள்விக்கு எழுதிவிட்டு வந்த கதைதான். வாங்கிய பாலம் பள்ளத்துக்குப் பொருந்தவில்லை என்றால் வெட்ட வேண்டியது பாலத்தைத்தான். வெட்டக் கை நடுங்குகிறவர் மாடல் செய்யவில்லை, பெட்டியில் இருந்ததை எடுத்து வெளியே வைக்கிறார்.

அசல் பாலத்துக்கு என்ன கேள்வி என்று பாட்டாவிடம் கேட்டேன். பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிற சித்தப்பா மகனின் புத்தகத்தையும் புரட்டினேன். முதல் கேள்வி வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்பது. கர்டரின் அடிப்பாகம் அந்த மட்டத்துக்கு மேலே, கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். நிறைய உயரம் இருந்தால் கர்டரைத் தண்டவாளத்துக்கு அடியிலேயே வைத்துவிடலாம், அதுதான் சிக்கனம். உயரம் இல்லையென்றால் இரும்பை இரண்டு பக்கமும் தூக்கி, நடுவே ரயிலை விட வேண்டும். அதாவது என் கிட் பாலத்தின் வடிவமே 'அடியில் இடமில்லை' என்று சொல்கிறது. என் பலகையிலோ அதன் அடியில் இருந்தது வெறும் நீலப் பெயிண்ட்! ஆழம் பூஜ்யம். பாலம் சொல்வது ஒன்று, பள்ளம் சொல்வது ஒன்று.

இரண்டாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது நம்ம டிபார்ட்மெண்ட். தூண்களை நெருக்கமாக வைத்தால் கர்டர் சின்னது, விலை குறைவு. ஆனால் தூண் அதிகம், அதற்குச் செலவு. தூண்களைத் தள்ளித் தள்ளி வைத்தால் தூண் செலவு குறையும், கர்டர் விலை எகிறும். மொத்தச் செலவு எங்கே மிகக் குறைவு? ஒரு தூணின் செலவும் ஒரு கண்ணுக்கான கர்டரின் செலவும் ஏறக்குறைய சமமாகிற இடத்தில். எகனாமிக் ஸ்பான் என்கிறார்கள். செகண்ட் இயரில் மார்ஜினல் காஸ்ட் நடத்தும்போது ஸ்வெட்டர் கம்பெனி உதாரணம் சொன்னார்களே, அதற்குப் பதில் இதைச் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன்.

ஆழமான ஆறு, மோசமான மண், தூண் இறக்கக் காசு கொட்ட வேண்டும் என்றால்தான் நீளமான டிரஸ். நம் ரயில்வேயில் அதற்கென்று கட்டுப்பட்ட அளவுகள் உண்டு. தட்டையான பிளேட் கர்டர் 12.2, 18.3, 24.4 மீட்டர். டிரஸ் என்றால் 30.5-ல் தொடங்கி 45.7, 61, 76.2 என்று போகும். ஏன் இந்தக் கோணல் எண்கள் என்று யோசித்தேன். எல்லாம் 40, 60, 80, 100, 150 அடிகள். அடியை மீட்டராக மாற்றினார்கள், பாலத்தை மாற்றவில்லை.

ரயிலில் போகும்போது கதவோரம் நின்று பாருங்கள். (கம்பியைப் பிடித்துக்கொண்டு.) சின்ன ஓடைகளிலும் ஆறுகளிலும் கீழே தடதடவென்று போவது பெரும்பாலும் இந்தத் தட்டைக் கர்டரோ காங்கிரீட்டோதான். அலுமினியப் பெயிண்ட் அடித்த, அலங்காரமே இல்லாத இரும்புப் பலகை. ஆனால் நம்மவர்கள் வீட்டு லேஅவுட்டில் அது இருக்காது. அங்கே இருப்பது ஜெர்மன் வளைவு, சுவிஸ் பள்ளத்தாக்கு, பழுப்பு நிற டிரஸ். அதன்மேல் போவது மட்டும் நம்ம ஊர் நீல நிறப் பெட்டி. ஆல்ப்ஸ் மலைக்கு நாகர்கோவில் பாசஞ்சர்! கேட்டால் "அழகு சார்" என்கிறார்கள். பார்த்துப் பழகாத கண்ணுக்கு எது அழகாகத் தெரியும்? பெட்டியில் அச்சடித்த படம்தான்.

தண்ணீர் விஷயமும் அப்படியே. நீலம்! நம் சானலில் என்றைக்கு நீலமாகத் தண்ணீர் வந்தது? பேச்சிப்பாறை திறந்துவிட்ட முதல் வாரம் போய்ப் பாருங்கள். கட்டஞ்சாயாவில் செம்மண்ணைக் கரைத்த நிறம். அதில் தென்னைமட்டை, வாழைத்தடை, ஒரு ஒற்றைச் செருப்பு மிதந்து வரும்.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

சானலுக்குப் பாலமே தேவையில்லை. பதினேழு அடிக்கு ஒரு காங்கிரீட் ஸ்லாப் கல்வெர்ட் போதும். ஊதுபத்தி டப்பா அட்டையில் அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் எனக்குப் பாலம் வேண்டுமே. அதனால் பலகையின் இன்னொரு மூலையில் ஒரு ஓடையை உண்டாக்கினேன். ஒப்புக்கொள்கிறேன், பாலத்து ஆசைக்காகத்தான் ஓடையை வெட்டினேன். ஆனால் ஓடையை முதலில் வெட்டினேன், பாலத்தைப் பிறகு அதற்கு அளந்தேன். பிளைவுட்டை ஜிக்ஸாவால் அறுத்து, அந்தத் துண்டை ரீப்பர் கட்டையில் ஏழு சென்டிமீட்டர் கீழே இறக்கினேன். அசலில் ஆறு மீட்டர் ஆழம். கோடையில் நடுவில் ஒரு கோடு மாதிரி தண்ணீர், ஐப்பசியில் கரை முட்டும், அப்படிப்பட்ட ஓடை. இந்த ஒரு வேலையிலேயே லேஅவுட் மாறிப்போனது. அதுவரை பாயில் விரித்த படம் மாதிரி இருந்தது. தரை கீழே இறங்கியதும்தான் ரயில் உயரத்தில் போகிறது என்று தோன்றியது.

பாலம், 12.2 மீட்டரில் இரண்டு கண். மேசையில் ஒவ்வொன்றும் 140 மில்லிமீட்டர். நடுவில் ஒரு தூண். கிட் பாலத்தின் இரண்டு வளைவுப் பக்கங்களையும் அறுத்து எடுத்துவிட்டு, தரைப்பகுதியை மட்டும் 29 சென்டிமீட்டருக்கு வெட்டி எடுத்துக்கொண்டேன். (இந்த இடத்தில் எடுத்த போட்டோதான் அந்த போட்டோ.) அதற்கு அடியில் கர்டர். கர்டர் செய்தது கல்யாணப் பத்திரிகை அட்டையில். நல்ல கெட்டியான அட்டை, ஆவணி தை மாதங்களில் வீட்டுக்கு வீடு இலவசம். கர்டரின் உயரம் ஏறக்குறைய நீளத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் கண்ணுக்குச் சரியாக இருக்கும், எனக்கு 13 மில்லிமீட்டர். ரிவெட்டுக்கு என்ன செய்வது? எதிர்வீட்டு டெய்லர் அக்காவிடம் துணியில் கோடு போடுகிற பல்சக்கரம் இருந்தது. அட்டையைத் திருப்பி, பின்பக்கம் அதை ஒரு இழுப்பு இழுத்தால் முன்பக்கம் வரிசையாகப் புள்ளி எழும். அச்சு அசல் ரிவெட். அக்காவே அசந்துபோனாள்.

பெருமையெல்லாம் ஐப்பசி வரைதான். மழை தொடங்கியதும் மணமக்கள் இருவரும் நனைந்து தொய்ந்துவிட்டார்கள். கர்டர் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. இன்ஜின் அங்கே போனதும் மூக்கைத் தாழ்த்தும். முதல் திருத்தம், அட்டைக்கு உட்புறமாகப் பழைய பிளாஸ்டிக் ஃபைல் கவரை வெட்டி ஒட்டி, அதற்கும் உள்ளே ஒரு அலுமினியப் பட்டையை வைத்தேன். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை நடுவில் வைத்து ராத்திரி முழுக்க விட்டேன். அசையவில்லை.

ஆனால் அடுத்த வாரம் பெட்டிகள் பாலத்தின் முனையில் தடம் புரண்டன. இதற்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது, பாட்டாவுக்கு நாலு விநாடி. "ரெண்டு பக்கமும் ஒட்டிட்டியா? அது எப்படிடே மூச்சு விடும்?" அசல் பாலத்தில் கர்டரின் ஒரு முனையைத்தான் தூணோடு பிணைப்பார்கள். இன்னொரு முனை நகரும்படி பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். முப்பது டிகிரி சூடு ஏறினால் 12.2 மீட்டர் இரும்பு நாலு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். போக இடமில்லை என்றால் தூணைத்தான் தள்ளும். என் மாடலில் நீண்டது இரும்பு இல்லை, ஈரத்தில் ஊதிய பிளைவுட். ஆனாலும் நோய் ஒன்றுதான். இரண்டாவது திருத்தமாக ஒரு முனையின் ஃபெவிக்விக்கைப் பிளேடால் சுரண்டி விடுவித்தேன். அன்றிலிருந்து தடம் புரளவில்லை.

மூன்றாவது திருத்தம் கார்டு ரெயில். பாலத்தின் மேல் தண்டவாளத்துக்கு உட்புறமாக இன்னும் இரண்டு கம்பி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாலத்துக்கு வெளியே போய் இரண்டும் கூர்மையாக ஒன்று சேரும். தடம் புரண்ட பெட்டி பாலத்திலிருந்து கீழே விழாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். கேங்மேனுக்கு அது முதலில் கண்ணில் படும். என் கிட்டில் அது இல்லை. பாட்டா அதைச் சொன்ன விதம், சோற்றில் உப்பில்லை என்று சொல்வது மாதிரி இருந்தது.

இப்போது அண்ணன்மார்களுக்கு வருகிறேன்.

பணம் போச்சே என்கிறவர்களுக்கு. 3,800 ரூபாய் பெட்டியைப் பிரித்த அன்றே போய்விட்டது. பி.காம் படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன், இதற்கு சங்க் காஸ்ட் என்று பெயர். போன பணத்தைக் காப்பாற்றுவதற்காகத் தப்பான பாலத்தை வைத்துக்கொண்டிருந்தால் பணமும் திரும்பாது, பாலமும் சரியாகாது. "வெட்டாமல் இருந்திருந்தால் விற்றிருக்கலாம்" என்பது நியாயமான வாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் விற்பதற்காக வைத்திருப்பது ஸ்டாக். ஓடுவதற்காக வைத்திருப்பது ஃபிக்ஸட் அசெட். நான் கடை வைக்கவில்லை.

"தண்டவாளமே தப்பு, பாலம் மட்டும் சரியாக இருந்து என்ன?" இதைக் கேட்டவர் விவரமானவர். நம் அகல ரயில்பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.3 வரவேண்டும். எச்.ஓ தண்டவாளம் 16.5-தான், அது ஐரோப்பாவின் 1435-க்குப் போட்ட அளவு. நம் பாதைக்கு 16.5 பொருந்த வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஏறக்குறைய 1:102-க்குச் சுருக்க வேண்டும். உண்மைதான், தலைவரே. என் ரயில் ஒல்லியான பாதையில்தான் ஓடுகிறது. ஆனால் அந்தத் தப்பு என்மேல் திணிக்கப்பட்டது. சக்கரமும் தண்டவாளமும் 16.5-ல்தான் கிடைக்கின்றன. பாலம் என் கையில் இருக்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் விட்டுக்கொடுத்ததைக் காட்டி, வழி இருக்கிற இடத்திலும் விட்டுக்கொடு என்றால் எப்படி?

நானும் ஏமாற்றியிருக்கிறேன். அந்த மாதிரி ஓடைக்கு நாலு கண்ணாவது இருக்க வேண்டும், நான் இரண்டுதான் வைத்தேன். இடமில்லை. ஆனால் எண்ணிக்கையைக் குறைத்தேன், கண்ணின் அளவைக் குறைக்கவில்லை. பாம்பன் பழைய பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். எச்.ஓ-வில் கட்டினால் ஏறக்குறைய 24 மீட்டர், எங்கள் வீட்டைத் தாண்டி பக்கத்து வீட்டு அடுக்களைக்குள் போகும். அதற்காக மொத்தத்தையும் ஒரு மீட்டருக்கு நசுக்கினால் சீப்பு மாதிரி இருக்கும். தூக்குப் பகுதியும் இந்தப் பக்கம் மூன்று கண், அந்தப் பக்கம் மூன்று கண்ணும் செய்தால் போதும், பார்க்கிறவன் பாம்பன் என்பான்.

பாம்பனைச் சொன்னதும் அந்த மூன்றாவது அண்ணன் ஞாபகம் வருகிறார். "திருத்த நீ யார்?" என்றவர். அண்ணே, திருத்தாத பாலம் எது? 1914-ல் மீட்டர்கேஜுக்குத் திறந்த பாலம் அது. 1964 டிசம்பர் புயலில் 126 கர்டர்கள் கடலுக்குள் போயின. கம்பெனிக்காரன் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்வதுதான் மரியாதை என்று அன்றைக்கு உட்கார்ந்திருந்தார்களா? விழுந்த கர்டர்களையே கடலிலிருந்து தூக்கி எடுத்து, ஸ்ரீதரன் என்கிற இளம் இன்ஜினியர் தலைமையில் 46 நாளில் மறுபடி ரயிலை விட்டார்கள். பிறகு டெல்லி மெட்ரோவுக்குப் போனாரே, அதே ஸ்ரீதரன். 2007-ல் அதே பாலத்தைப் பலப்படுத்தி அகலப் பாதை ஆக்கினார்கள். 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தது. பழையதில் கண்கள் 12.2 மீட்டர், புதியதில் 18.3. பழையதில் நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து, ஆடுநாற்காலி பின்னால் சாய்வது மாதிரி உருண்டு எழும்பும். புதியதில் 72.5 மீட்டர் துண்டு லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகும். 111 வருசத்தில் அது பட்ட வெட்டும் ஒட்டும் என் பாலம் பட்டதில்லை.

சித்தப்பா மகன் ஒன்பதாம் வகுப்பில் ஐஸ் குச்சியில் பாம்பன் பாலம் செய்து பரிசு வாங்கினான். நூலைக் கட்டி இழுத்தால் இரண்டு பக்கமும் கதவு மாதிரி திறக்கும். (உருளாது. கதவு மாதிரிதான்.) புதுப் பாலம் வந்த பிறகு "இது பழசாயிட்டு" என்று அதைத் தூக்கிப்போடப் பார்த்தான். நான் பிடுங்கி வைத்திருக்கிறேன். பழைய பாலத்தில் ரயில் நின்றுபோன பிறகுதான் பழைய பாலத்தின் மாடலுக்கு வேலையே வருகிறது.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. இங்கிலாந்தில் பெண்டன் என்று ஒரு மாடல் மியூசியம் இருக்கிறது. ராய் இங்கிலாந்து என்று ஒரு ஆஸ்திரேலியர் (ஊர்ப் பெயரைத்தான் குடும்பப் பெயராக வைத்திருக்கிறார், நான் என்ன செய்ய) 1925-ல் அங்கே போனார். பழைய கூரை வீடுகளெல்லாம் மாறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அவற்றை ஓடு ஓடாக, செடி செடியாக மாடலில் செய்து வைக்கக் கிளம்பினார். 1954-ல் மியூசியம் ஆனது. அங்கே ஒரு ரயில் காட்சியில் புரூனல் கட்டிய மாதிரி மரப்பாலம் ஒன்று நிற்கிறது. அசல் மரப்பாலங்கள் ஒவ்வொன்றாகக் கல்லுக்கும் இரும்புக்கும் மாறி, கார்ன்வாலில் கடைசியாக நின்றதும் 1934-ல் போய்விட்டது. இப்போது அதை நிற்கிற கோலத்தில் பார்க்க வேண்டுமானால் மேசைமேல்தான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வகுப்புத் தோழர்களே, 'பொம்மை' என்ற உங்கள் வார்த்தைக்காக. நம் மாவட்டத்தில் ரயில் வந்து அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. அதற்குள் ஒற்றைப் பாதை இரட்டைப் பாதையாகிறது. நல்லதுதான், எனக்கும் திருவனந்தபுரம் சீக்கிரம் போக வேண்டும். ஆனால் பழைய கர்டரின் எந்த முனை நகரும், கார்டு ரெயில் எங்கே சேரும், மழைக்காலத்தில் கேங்மேன் பாலத்தில் இறங்கி முதலில் எதைப் பார்ப்பான், இதெல்லாம் யாருக்குத் தெரியும்? 2021 நவம்பரில் மழை கொட்டி, தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, மண் சரிந்து, நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரயில்கள் ரத்தானபோது டிவியைப் பார்த்துக்கொண்டு பாட்டா மட்டும் "தூணுக்கடியில மண்ணு அரிச்சிருக்கான்னு பாக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஒருவரும் காது கொடுக்கவில்லை. நான் உட்பட. அன்றைக்கு எனக்கு அது கிழவரின் புலம்பல். இந்தப் பலகையின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்றே எனக்குப் புரிந்தது. நாற்பது வருசம் அவர் சொன்னதைக் கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு காரணம் கிடைக்கவில்லை. 36 சென்டிமீட்டர் தப்புப் பாலம் ஒன்று தேவைப்பட்டது.

அந்தக் கிட்டை நான் அப்படியே விட்டிருந்தால் பாட்டா ஒருமுறை சிரித்துவிட்டுக் கீழே இறங்கியிருப்பார். வெட்டினேன், அதனால் மறுநாளும் ஏறி வந்தார். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் வருகிறார். மூட்டுவலிக்குத் திட்டு எனக்கு.

நேற்று புதிதாக ஒரு குற்றம் கண்டுபிடித்தார். நடுத்தூணின் ஒரு பக்கத்தை நான் கூர்மையாக, படகின் மூக்கு மாதிரி செய்திருந்தேன். வருகிற வெள்ளத்தைக் கிழித்து இரண்டு பக்கமும் விடுவதற்காக அசல் தூண்களில் இருப்பது. ஒட்டும் அவசரத்தில் அந்த மூக்கு தண்ணீர் போகிற பக்கம் பார்த்து நிற்கிறது.

"தண்ணி எங்கேருந்து வருதுன்னு தூணுக்குத் தெரியாண்டாமாடே?"

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பிளேடு.

பி.கு: அறுத்தெடுத்த வளைவுப் பக்கங்களில் ஒன்றை வெட்டி ஸ்டேஷனுக்கு நடைமேம்பாலம் செய்துவிட்டேன். இன்னொன்று சும்மா கிடக்கிறது. விற்கச் சொல்லிக் கேட்ட அண்ணன் வந்தால் இலவசமாகவே தருகிறேன். ஆனால் அவர் வீட்டுச் சானல் எத்தனை அடி என்று அளந்துகொண்டு வரவேண்டும்.